மனுவும் மணியும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் மாணவர் ஒருவரின் பயிற்சி அனுபவம்)



இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்தவுடன் ஒரு மாதம் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற வேண்டும் என்பது நம் பாடத்திட்டத்தின் விதி. நண்பர்களில் சிலர் வங்கிக்குச் சென்றனர். சிலர் தணிக்கையாளர் அலுவலகத்திற்குச் சென்றனர். பலர் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் சேர்ந்தனர். எனக்கு வாய்த்ததோ, திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தில் ஒரு தொழிலமைப்பின் சிறு அலுவலகம். அங்கே எனக்கென ஒதுக்கிய மேசையின்மேல் "மாநில அரசுத் தொடர்பு" என்று எழுதிய அட்டை ஒன்று நின்றது.

"அது என்னடா வேலை? மந்திரி வந்தால் மாலை வாங்கிக் கொடுக்கிற வேலையா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். "இல்லையடா, சிபாரிசு பிடிக்கிற வேலை" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். ஏனெனில் எனக்கும் விடை தெரியாது. ஒரு மாதம் கழித்துத் தெரிந்துகொண்ட விடையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாரிடம் கேட்பது?

அலுவலகத்தின் பொறுப்பாளர் அரசுப் பணியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை 'ஐயா' என்றே அழைப்போம். முதல் நாள் காலையில் அவர் ஒரு கட்டுக் கடிதங்களை என் முன் வைத்தார். உறுப்பினர்கள் எழுதிய குறைகள் அவை. நூல் விலை ஏறிவிட்டது. மின்கட்டணம் தாங்க முடியவில்லை. சாலையில் மழைநீர் தேங்குகிறது. சாயப்பட்டறைக்கு இசைவாணை புதுப்பிக்கப்படவில்லை. ஏற்றுமதிக்குரிய வரிச்சலுகை வந்து சேரவில்லை. இரவு நேர வேலைக்கு வரும் பெண்களுக்குப் பேருந்து இல்லை. இப்படிப் பலவாறு இருந்தன.

"தம்பி, இதை மூணு கட்டாப் பிரிங்க. டெல்லிக்குப் போறது ஒண்ணு, சென்னைக்குப் போறது ஒண்ணு, திருப்பூரிலேயே தீர்றது ஒண்ணு" என்றார்.

எளிய வேலை என்று எண்ணினேன். மாலைக்குள் பாதிக்கு மேல் தவறாகப் பிரித்திருந்தேன் என்பது தெரிந்தது. ஆட்சியியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிற அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை, ஒரு சாக்கடை நீர்ப் பிரச்சினைக்கும் பயன்படும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஏற்றுமதியும் சுங்கமும் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தவை. அவற்றுக்குச் சென்னைக் கோட்டையில் மனுக் கொடுத்தால், அம்மனு டெல்லிக்கு அனுப்பப்படும் ஒரு பரிந்துரைக் கடிதமாகவே மாறும். தொழிலாளர் நலனும் மின்சாரமும் பொதுப் பட்டியலில் உள்ளன. மின்கட்டணத்தை நிர்ணயிப்பது அமைச்சர் அல்லர். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 10.9.2022 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண உயர்வும் அந்த ஆணையத்தின் உத்தரவினால் வந்ததே. ஆகவே கட்டணம் பற்றிய மறுப்புரையை, ஆணையம் கருத்துக் கேட்கும் காலத்திற்குள் ஆணையத்தின் முன் வைக்க வேண்டும். உத்தரவு வந்த பிறகு எழுதும் கடிதம், பேருந்து போன பின் கைகாட்டுவது போன்றது.

தண்ணீரோ மாநிலப் பட்டியலில் 17ஆம் இனமாக உள்ளது. அப்படியானால் நீர் மாசு தடுப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் எப்படி இயற்றியது? மாநிலச் சட்டமன்றங்கள் சில தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன் பேரில், அரசியலமைப்பின் 252ஆம் பிரிவின்படி 1974ஆம் ஆண்டில் அச்சட்டம் இயற்றப்பட்டது. அதனை நம் மாநிலத்தில் செயற்படுத்தவே 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. ஒரு சாயப்பட்டறையை நிறுவ ஓர் இசைவாணையும், அதனை இயக்க மற்றோர் இசைவாணையும் இவ்வாரியத்திடம் பெற வேண்டும். இவ்வாறு எந்தக் குறைக்கு எந்த அதிகாரம் என்று அறிவதே அரசுத் தொடர்பின் அரிச்சுவடி எனலாம்.

ஒரு மனுவின் பயணம்

இரண்டாம் வாரத்தில் எனக்கு ஒரு மனு எழுதும் வாய்ப்புக் கிட்டியது. கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவன் என்ற பெருமிதத்தில் நான்கு பக்கம் எழுதினேன். திருப்பூரின் பெருமையில் தொடங்கி, உழைப்பின் சிறப்பைப் பாடி, பதினொரு கோரிக்கைகளை அடுக்கி, முதலமைச்சர் அவர்களுக்கு என முகவரியிட்டேன்.

ஐயா படித்தார். கோபிக்கவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இது மேடையிலே படிக்கிறது. மேசையிலே படிக்கிறது வேற" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து மனுவின் பயணத்தை வரைந்து காட்டினார்.

மனு ஓர் அலுவலகத்தை அடைந்ததும் தபால் பிரிவில் முத்திரையிடப்படுகிறது. பின்னர் உரிய பிரிவுக்குச் சென்று ஓர் எண் பெறுகிறது. மாவட்ட அலுவலகங்களில் அதனை 'ந.க.எண்' என்பர், அஃதாவது நடப்புக் கணக்கு எண். அந்த எண் விழுந்த நொடியில்தான் மனு பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். தலைமைச் செயலகமானால் உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுகிறார். அது பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் எனப் படிப்படியாக ஏறித் துறைச் செயலாளரை அடைகிறது. வேண்டுமாயின் அமைச்சரிடம் செல்கிறது. முடிவு கொள்கை பற்றியதாக இருந்தால் அரசாணையாக வெளிவருகிறது.

"முதலமைச்சருக்கு எழுதினாலும் இது எங்கே வரும்னு நினைக்கிறீங்க? இதே பிரிவு அலுவலர் மேசைக்குத்தான். அந்த மேசையிலே இருக்கிறவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு! பதினொரு கோரிக்கை இருந்தா பதினொரு துறைக்கு நகல் எடுக்கணும். அவர் என்ன பண்ணுவார்? 'ஆவன செய்யப்படும்'னு ஒரு வரி எழுதி மூடிடுவார்."

அன்று அவர் சொன்ன இலக்கணத்தை அப்படியே குறித்து வைத்துள்ளேன். ஒரு மனுவில் ஒரே கோரிக்கைதான் இருக்க வேண்டும். 'பொருள்' என்ற வரியைப் படித்த உடனேயே கோரிக்கை விளங்க வேண்டும். 'பார்வை' என்ற இடத்தில், முன்னர் எழுதிய கடிதத்தின் நாளும் எண்ணும், தொடர்புடைய அரசாணையின் எண்ணும் இருக்க வேண்டும். அக்கோரிக்கையை நிறைவேற்ற எந்தச் சட்டம், எந்த விதி அவ்வதிகாரிக்கு இடம் தருகிறது என்பதைக் காட்ட வேண்டும். ஆதாரங்களை இணைப்பாகத் தர வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை பெற வேண்டும். முப்பது நாள் கழித்து நினைவூட்டல் அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையேல் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் என் மனுவின் நிலை என்ன என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

என் பெருமிதம் நான்கு பக்கத்திலிருந்து முக்கால் பக்கமாகச் சுருங்கியது.

"ஆள் தெரிஞ்சா போதும்னு ஊர்லே சொல்லுவாங்க. ஆள் மாறிப் போவார் தம்பி, தாள் அங்கேயே இருக்கும்" என்றார் ஐயா.

அருள்புரம் கற்றுத்தந்த பாடம்

அலுவலகத்தின் மர அலமாரியில் நொய்யல் வழக்கு பற்றிய கோப்புகள் ஓர் அடுக்கு நிறைய இருந்தன. அவற்றைத் தேதி வாரியாக அடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்தனர். என் வாழ்வில் நான் படித்த மிகக் கனமான பாடநூல் அதுவே என்றால் மிகையாகாது.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். சாயத்தைத் துணியோடு சேர்த்து வைப்பதே அதன் வேலை. வேலை முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. தொடக்க காலச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயத்தின் நிறத்தையும் கசடையும் ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை அவற்றால் நீக்க முடியவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல், அந்த உப்பைச் சுமந்தது. பாசனத்திற்கென்று கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கிணறுகள் கெட்டன. தென்னையும் தீவனப்பயிரும் கருகின.

ஆணைகள் இல்லாமலில்லை. குறிப்பிட்ட ஆறுகள், நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிற்குள் மிகுந்த மாசு விளைவிக்கும் தொழிற்சாலைகளைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என 30.3.1989 அன்றே சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறையின் அரசாணை எண் 213 வெளியாயிற்று. ஆனால் ஆணை ஒரு பக்கமும் ஆறு ஒரு பக்கமுமாகச் சென்றன. உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். பாதிக்கப்பட்ட 68 கிராமங்களைச் சேர்ந்த 28,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று, அதற்கென அமைந்த ஆணையம் கணக்கிட்டது. 22.12.2006 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒரு துளிக் கழிவும் வெளியேறாத முறையை ஏற்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதமும் விதித்தது. 6.10.2009 அன்று உச்ச நீதிமன்றமும் உழவர் பக்கத்து நியாயத்தை உறுதி செய்தது. அதன் பின்னரும் முறை சீராகவில்லை. 28.1.2011 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

அந்தத் தேதியைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நாளுக்கு வேறு பெயர் உண்டு: 'பட்டறை மூடுன நாள்'. அப்போது எனக்கு ஏழு வயது. என் தந்தை ஒரு சாயப்பட்டறையில் வின்ச் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். சனிக்கிழமைச் சம்பளம் நின்றது. பல மாதங்கள் நூல் மூட்டை தூக்கும் வேலைக்குப் போனார். "விவசாயிக கேஸ் போட்டு மூடிட்டாங்க" என்பதே நான் கேட்டு வளர்ந்த காரணம். அந்தக் காரணத்தின் மறுபக்கத்தைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோப்பிலேதான் படித்தேன்.

மூடிய பட்டறைகள் எப்படித் திறந்தன என்பதிலேதான் அரசுத் தொடர்பின் உண்மையான பாடம் இருக்கிறது. தொழில் முடங்குகிறது, தொழிலாளர் வாடுகிறார்கள் என்ற முறையீடுகள் எல்லாத் திசைகளிலும் சென்றன. அவை பொய்யல்ல. ஆனால் நீதிமன்ற ஆணையை எந்த அமைச்சரும் முறையீட்டைக் கேட்டு நீக்கிவிட முடியாது. தேவைப்பட்டது சான்று. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே செலுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் உப்புக் கரைசலை என்ன செய்வது என்பதே முடிச்சு. அதை முழுவதும் ஆவியாக்க முற்பட்டபோது கருவிகள் ஈடுகொடுக்கவில்லை, செலவும் ஏறியது. அக்கரைசலைத் தூய்மைப்படுத்தி, உப்பு நீராகவே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தலாம் என்ற முறையை, மாநில அரசும் பங்கு கொண்டிருந்த தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி முன்வைத்தது. 2011இல் அம்முறை முதன்முதலாகச் செய்து காட்டப்பட்ட இடம் எது தெரியுமா? நம் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையமே! நாளொன்றுக்கு 55 இலட்சம் லிட்டர் கழிவுநீரைக் கையாள அமைக்கப்பட்ட நிலையம் அது. அவ்வாண்டிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனை மாநில அரசு அறிவித்தது. அருள்புரத்தில் வெற்றி கண்ட முறை பிற நிலையங்களுக்கும் சென்றது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மீண்டும் இயங்கின.

ஒப்பாரிக்கு அரசு இரங்கலாம். ஆனால் ஆணை பிறப்பிக்க அதற்கு ஓர் ஆதாரம் வேண்டும். அருள்புரம் அந்த ஆதாரத்தைத் தந்தது.

அன்றிரவு வீட்டிற்குப் போய், தீர்ப்பில் இருந்ததை என் தந்தைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி எங்கே போச்சுன்னு எங்களுக்கு அப்பவே தெரியும் கண்ணு. எங்ககிட்ட யாரும் கேக்கலை" என்றார்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. உரிமையாளர்களுக்குச் சங்கம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார். உழவர்களும் சங்கமாகத் திரண்டு வழக்காடினர். வின்ச் ஓட்டியவரின் பெயரில் எங்கள் அலமாரியில் ஒரு தாள்கூட இல்லை.

எதிர்த்தரப்பும் படிக்கட்டும்

அரசை அணுகிக் கோரிக்கை வைப்பது உலகெங்கும் ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவில், பிறருக்காகச் சட்டமன்றத்தாரையும் அதிகாரிகளையும் அணுகுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தம் பெயரையும், யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதையும், பெறும் பணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 1995இல் சட்டம் இயற்றினர். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2011இல் இத்தகைய பொதுப்பதிவேடு ஒன்றைத் தொடங்கினர். நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை.

அப்படியானால் நமக்கு என்ன காப்பு? எண் விழுந்த தாள்தான் காப்பு. அமைச்சரின் அறையில் காதோடு காதாகச் சொன்னதை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் உழவர் படிக்க முடியாது. ஆனால் கோப்பில் ஏறிய மனுவை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அவர் கேட்டுப் படிக்கலாம், மறுத்தும் எழுதலாம். எனவேதான் 'ஆளை' நம்பும் அரசுத் தொடர்பு ஊருக்கு ஆகாதது என்றும், 'தாளை' நம்பும் அரசுத் தொடர்பே மக்களாட்சிக்கு ஏற்றது என்றும் நான் கருதுகிறேன். நம் கோரிக்கையை எதிர்த்தரப்பும் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுதினாலே பாதிப் பொய் தானாக உதிர்ந்துவிடும்.

ஆனால் தாளை எழுதத் தெரிந்தவர் யார்? இக்கேள்விக்கு ஒரு திங்கட்கிழமை விடை சொன்னது.

வரிசையில் ஒரு பெரியவர்

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடப்பதை அறிவீர்கள். கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவான பிறகு, நம் பகுதி மக்களுக்கு அந்த வாசல் அருகிலேயே அமைந்தது. பேருந்து வசதி பற்றிய மனுவோடு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். துணிப்பையில் பழுப்பேறிய தாள்கள்.

"ஏனுங்க தம்பி, படிச்ச பையனாட்டம் இருக்கறீங்க. இதுல எல்லாஞ் செரியா இருக்குதுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்று தம் மனுவை நீட்டினார்.

ஒரத்துப்பாளையத்திற்குப் பக்கத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை மனுக் கொடுத்தும் பதில் இல்லை என்றார். ஐந்து பக்க மனு. முப்பது ஆண்டுத் துயரம் முழுவதும் அதில் இருந்தது. கருகிய தென்னைகளின் கணக்கு இருந்தது. விற்ற மாடுகளின் கணக்கு இருந்தது. ஆனால் என்ன வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. முன்பு கொடுத்த மனுக்களின் நாளும் எண்ணும் இல்லை. ஒப்புகைச் சீட்டும் அவர் வாங்கி வைக்கவில்லை.

"உங்களுக்கு இப்ப என்ன வேணுங்க ஐயா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் யோசித்தார். "எங் கெணத்துத் தண்ணி இப்ப நல்லா இருக்குதா இல்லியான்னு ஆராவது பாத்து எழுத்துல சொன்னாப் போதுஞ் சாமி. மாட்டுக்குக் காட்டலாமா வேண்டாமான்னு தெரியோணும். அவ்வளவுதான்."

இவ்வளவு தெளிவான கோரிக்கையை நான் அந்த மாதம் முழுவதும் வேறெங்கும் கேட்டதில்லை. ஆயினும் எழுதத் தயங்கினேன். நான் அமர்ந்திருப்பது தொழிலமைப்பின் மேசை. என் அலமாரியில் இருப்பது மறுதரப்பின் கோப்பு. மறுநாள் வருமாறு அவரிடம் சொல்லிவிட்டு, அலுவலகம் திரும்பி ஐயாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அலுவலக நேரத்திலே வேண்டாம். அஞ்சு மணிக்கு மேலே எழுதிக் குடுங்க. நம்ம லெட்டர்பேடிலே எழுதாதீங்க, வெள்ளைத்தாள்லே எழுதுங்க" என்றார். போகும்போது திரும்பி நின்று, "பொருள் வரி ஒரே வரியா இருக்கட்டும்" என்றும் சொன்னார்.

மறுநாள் மாலை, அலுவலகத்திற்கு எதிரே இருந்த தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து முக்கால் பக்கம் எழுதினேன். 'பொருள்: கிணற்று நீர் மாதிரியை ஆய்வு செய்து அறிக்கையின் நகல் வழங்கக் கோருதல்.' நிலத்தின் புல எண்ணைப் பட்டாவைப் பார்த்து எழுதினேன். முன் மனுக்களின் மாதங்களை அவர் நினைவிலிருந்து சொன்னார். அவற்றைப் பார்வையில் சேர்த்தேன். ஒப்புகை வாங்காமல் நகரக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். ஐந்து பக்க மனுவையும் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்னங்க பண்றது?" என்று கேட்டார். அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. 'இணைப்பு' என்று எழுதிப் பின்னால் தைத்துக் கொடுத்தேன்.

கல்லூரி திறந்த பின் ஒரு நாள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. தண்ணீர் மாதிரி எடுக்க ஆள் வந்தார்களா என்றால், இன்னும் இல்லை. ஆனால் பதில் கடிதம் வந்திருக்கிறது. "நம்பர் போட்டு வந்திருக்குதுங்க தம்பி!" என்றார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு மகிழ்ச்சியையும் தந்தது, வருத்தத்தையும் தந்தது. ஓர் எண் பெறுவதற்கே ஒரு குடிமகனுக்கு இத்தனை ஆண்டு ஆகலாமா? நினைவூட்டல் எழுதும் நாளை அவருக்காக என் நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.

முடிவுரை

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி பெற்ற மனுநீதிச் சோழன் கதையை நாம் தொடக்கப்பள்ளியிலேயே படித்தோம். அச்சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. கிராமங்களுக்கு அதிகாரிகளே சென்று மனுப் பெறும் நாளுக்கும் 'மனுநீதி நாள்' என்றே பெயர். அக்கதையில் நான் இப்போது கவனிப்பது ஒன்று உண்டு. அந்தப் பசு மனு எழுதவில்லை. பார்வை எண் குறிக்கவில்லை. கயிற்றை இழுத்தது, அரசன் இறங்கி வந்தான். இன்றைய ஆட்சி கோடிக்கணக்கான மக்களுக்குரியது. எல்லா மணிக்கும் இறங்கி வர ஒரு சோழனால் இயலாது. ஆகவே மணிக்குப் பதில் மனு வந்தது. அதில் தவறில்லை. ஆனால் மணிக் கயிறு எல்லோர் கைக்கும் எட்டியது. மனுவோ எழுதத் தெரிந்தவர் கைக்கே எட்டுகிறது. தொழிலமைப்புக்கு ஓர் அலுவலகமும் ஓர் ஐயாவும் உண்டு. மூன்று ஏக்கர் உழவருக்கு யார்? வின்ச் ஓட்டிய தொழிலாளிக்கு யார்?

நாம் இருக்கிறோம் என்பதே என் விடை, நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். நம் பெற்றோரின் வரிப்பணத்தில் நடக்கும் அரசு கல்லூரியில் படிக்கிறோம். ஒரு மனுவுக்கு முக்கால் பக்கம் போதும். அதை எழுதப் பெரும்புலமை வேண்டியதில்லை, எந்த அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற அறிவும், எதிரே இருப்பவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் பொறுமையும் போதும். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரத்தில் ஒரு மாலை ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு அமர்ந்தால், எத்தனையோ ஐந்து பக்கத் துயரங்கள் ஒரு வரிப் பொருளாக உருப்பெறும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன்.

மந்திரிக்கு மாலை வாங்கிக் கொடுக்கிற வேலையா என்று கேட்ட நண்பனுக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். அதுவன்று, நண்பா. மணிக் கயிற்றை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டுகிற வேலை.